வரைந்தவர்: நாகஜோதி

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில், ஒரு லாட்ஜுக்கும் ஒரு செல்போன் கடைக்கும் நடுவே குறுகலான மாடிப்படி ஒன்று உண்டு. ஏறினால் பொறியாளர் ஜெயபாண்டியின் அலுவலகம். வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுக்கும் இடம். உள்ளே இரண்டு கணினி, ஒரு பெரிய பிரின்டர், ஒரு ஏசி. ஏசி ஜெயபாண்டியின் கண்ணாடி அறைக்குள் இருக்கிறது, கணினிகள் வெளியே இருக்கின்றன. கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வியர்ப்பவள் நாகஜோதி.

வயது முப்பத்தெட்டு. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்த கையோடு இங்கே சேர்ந்தவள், பதினெட்டு வருடமாக வரைகிறாள். எழுமலையிலிருந்து கொட்டாம்பட்டி வரை அவள் போட்ட கோட்டின் மேல் எழும்பிய வீடுகள் நானூறைத் தாண்டும். அவற்றில் எந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டாலும் யோசிக்காமல் சொல்வாள். ஆனால் அவள்தான் வரைந்தாள் என்பதற்கு ஒரு தாளில்கூட அத்தாட்சி கிடையாது.

பிளானின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று வரிகள். மூன்றிலும் ஜெ.பா. என்றுதான் இருக்கும். தான் வரைந்ததைத் தானே சரிபார்த்துத் தனக்குத் தானே ஒப்புதல் கொடுத்துக்கொள்ளும் கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்? இத்தனைக்கும் படம் வரையும் மென்பொருளில் ஒரு கோட்டை ஆரம்பித்தால் அதை எப்படி நிறுத்துவது என்று ஜெயபாண்டிக்குத் தெரியாது. எஸ்கேப் பொத்தானைத் தட்டினால் போதும் என்று நாகஜோதி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவர் கோட்டைத் திரை முழுக்க இழுத்துக்கொண்டே போய், கடைசியில் கணினியையே அணைத்துவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே வரைந்து தர ஆள் கேட்டது. வீடியோவில் நேர்காணல். தன் வேலைகளில் நல்லதாக இருபது படத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள் நாகஜோதி. எதிரே இருந்த பெண் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “எல்லாத்துலயும் வரைந்தவர் ஜெ.பா.ன்னு போட்டிருக்கே மேடம், அவர் யாரு?” என்று கேட்டாள். நாகஜோதி திருடிக்கொண்டு வந்தவளைப் போலத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை கிடைக்கவில்லை. வேலை போனதைவிட அந்தக் கேள்விதான் அவளுக்கு வலித்தது. அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று, அந்தக் கட்டத்தின் முதல் வரியில் தன் பெயர்.

கேட்காமலும் இல்லை. “போட்டுருவோம் நாகஜோதி, இந்த வீடு முடியட்டும்” என்பார் ஜெயபாண்டி. அந்த வீடு முடியும். அடுத்த வீடு வரும். வாக்குறுதி மட்டும் குடக்கூலிக்காரர் போல வீடு மாறிக்கொண்டே இருக்கும். இப்போது அது எழுமலையில், முத்திருளன் வீட்டில் குடியிருந்தது.

இதற்கிடையில் ஜெயபாண்டி ஒரு ஓட்டலில் நடந்த ஒருநாள் கருத்தரங்குக்குப் போய்வந்தார். போகும்போது வெறுங்கையோடு போனவர், திரும்பும்போது ஒரு துணிப்பை, ஒரு பேனா, ‘கொலாபரேஷன்’ என்ற ஒரு வார்த்தை ஆகிய மூன்றோடும் வந்தார். இனிமேல் படமெல்லாம் கிளவுடில் இருக்கும், யாரும் எங்கிருந்தும் ஒரே படத்தைத் திறந்து வேலை பார்க்கலாம் என்றார். நாகஜோதிக்கு அது நல்ல விஷயம் என்றே பட்டது. ஆளுக்கொரு கணக்கு வாங்கச் சொன்னாள். அவர் ஒன்றே ஒன்று வாங்கினார், தன் பெயரில். அலுவலகத்தில் யார் உள்ளே நுழைந்தாலும் ஜெயபாண்டியாகத்தான் நுழைய வேண்டும். பாஸ்வேர்டு அவருடைய கார் நம்பர். அது காரின் முன்னாலும் பின்னாலும் ஊரே படிக்கும்படி எழுதியிருக்கிறது.

நாகஜோதி ஒரு தாளில் சில விஷயங்களை எழுதிச் சுவரில் ஒட்டினாள். கோப்புக்கு ‘ஃபைனல்’ என்று பெயர் வைக்கக்கூடாது, தேதிதான் போட வேண்டும் என்பது முதல் வரி. அதற்குக் காரணம் இருந்தது. முத்திருளன் வீட்டுக்கு மட்டும் ஃபைனல், ஃபைனல் டூ, ஃபைனல் ஓகே, சார் சொன்ன ஃபைனல் என்று நான்கு கோப்புகள் இருந்தன, நான்கிலும் சமையலறை வேறு வேறு மூலையில் இருந்தது. கண்ணாடித் தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்களில் சுவரை ஒன்றிலும் கதவு ஜன்னலை இன்னொன்றிலும் வரையுங்கள், வெளியே அனுப்பும் முன் இரண்டையும் பூட்டுங்கள் என்று அடுத்து எழுதியிருந்தாள். வீட்டுக்காரர்களுக்குப் பார்க்கவும் கருத்துச் சொல்லவும் மட்டும் அனுமதி, திருத்தும் அனுமதி ஒரே ஒருவருக்கு. கொத்தனாருக்கு, திருத்த முடியாத பிடிஎஃப் மட்டும் போக வேண்டும். எல்லாம் தெளிவாக, பெரிய எழுத்தில் இருந்தது. மறுநாள் ஜெயபாண்டி அதே ஆணியில் ஒரு சிமென்ட் கம்பெனி காலண்டரை மாட்டினார். தாள் அதற்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

முத்திருளன் எழுமலையில் வெங்காயமும் கடலையும் போடுகிற விவசாயி. ஜெயபாண்டிக்குத் தூரத்து முறையில் மாமன். பூர்வீக இடத்தில் பெரிய வீடாகக் கட்ட வேண்டும் என்று வந்தார். உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர், அதில் மூத்த அக்கா தங்கப்பொண்ணு. கட்டிக்கொடுத்து முப்பது வருடம் ஆனாலும் தம்பி வீட்டில் அவளைக் கேட்காமல் ஒரு குழாய்கூட மாற்ற மாட்டார்கள். புது வீட்டில் அவள் வந்தால் தங்குவதற்கென்று தனியாக ஓர் அறை. அதை முத்திருளன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

நாகஜோதி படத்தை முடித்து, பூட்ட வேண்டியதைப் பூட்டி, பார்வைக்கு மட்டும் என்று போட்டு லிங்க்கை எடுத்துக் கொடுத்தாள். ஜெயபாண்டி அதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“என்னம்மா, பாக்க மட்டும்னு போட்டிருக்க?”

“அவங்க பாத்துட்டு என்ன வேணும்னு எழுதட்டும் சார். நான் மாத்தித் தாரேன்.”

“தங்கப்பொண்ணு அக்காவை வேடிக்கை பாருன்னு சொல்றதா? பந்தில உக்கார வச்சுட்டு இலை போடாத கணக்கால்ல இருக்கு. நாளப்பின்ன நான் அந்தப் பக்கம் தலை காட்ட வேணாமா?”

“அப்ப மாமாவுக்கு மட்டும் குடுங்க சார். ஒரு ஆளு மாத்தட்டும்.”

“அவருக்குக் குடுத்து மச்சினனுக்குக் குடுக்கலைன்னா வெட்டுக்குத்தாயிரும். உனக்கு எங்க ஊரு தெரியாது.”

பத்திரிகை வைப்பதில் ஒரு வீடு விட்டுப்போனாலும் பத்து வருடம் பேசாமல் இருக்கிற சனம் அது என்பது நாகஜோதிக்கும் தெரியும். அதற்காகக் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்து ஆளுக்கொரு தடவை மாப்பிள்ளையை மாற்றச் சொல்வதில்லையே. அவள் இதைச் சொல்வதற்குள் ஜெயபாண்டி தன் கணக்கையும் பாஸ்வேர்டையும் முத்திருளன் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். குரூப்பில் முப்பத்திரண்டு பேர். பூட்டியிருந்த லேயர்களையும் அவளையே திறக்கச் சொன்னார். பூட்டு இருந்தால் சொந்தக்காரர்கள் தப்பாக நினைப்பார்களாம்.

அதற்குப் பிறகு நாகஜோதி கொட்டாம்பட்டி கல்யாண மண்டப வேலையில் மூழ்கிவிட்டாள். பத்து நாள் போனது. எழுமலையில் புதன்கிழமை அஸ்திவாரம் தோண்ட நல்ல நாள் பார்த்திருந்தார்கள்.

அந்தப் புதன் காலை எட்டரை மணிக்கு அலுவலகம் வந்து கணினியைத் திறந்தாள். முத்திருளன் பிளானில் யாரோ இப்போது வேலை பார்க்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. திறந்தாள். வலது கீழ் மூலைக் கட்டத்துக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் வரியிலிருந்த ஜெ.பா. அழிந்தது. ஒரு நா வந்தது. பிறகு க. தட்டுத் தடுமாறி, ஒரு தடவை அழித்து எழுதி, கடைசியில் முழுப் பெயரும் வந்து நின்றது. வரைந்தவர்: நாகஜோதி.

கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள். மனுஷன் கடைசியில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், இத்தனை நாள் மனதுக்குள் அவரை வைததெல்லாம் பாவம் என்று நினைத்தாள். மாலை வீட்டுக்குப் போகும்போது கால் கிலோ அல்வா வாங்க வேண்டும் என்றும் நினைத்தாள். அப்படி ஒரு நிமிடம் போயிருக்கும். போன் அடித்தது. ஜெயபாண்டி.

“நாகஜோதி, உடனே கிளம்பி எழுமலைக்கு வா.”

“என்ன சார்?”

“ஒண்ணுமில்ல. தரையில சுண்ணாம்புக் கோடு போட்டுட்டாங்க, அதுல ஒரு சின்னச் சங்கடம். தங்கப்பொண்ணு அக்கா ரூமுக்கு வாசல் இல்ல.”

நாகஜோதி அப்போதுதான் கட்டத்தை விட்டுக் கண்ணை மேலே கொண்டுபோனாள். பதினொன்றுக்குப் பதினான்கில் அம்சமாக ஓர் அறை. நான்கு பக்கமும் சுவர். ஜன்னல் இரண்டு. கதவு கிடையாது.

“நீ வந்து, நான்தான் தப்பா வரைஞ்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிருச்சுன்னு விட்ருவாங்க. படத்துலயும் உன் பேரைப் போட்டுட்டேன்.”

முப்பத்தெட்டு வயதுச் சின்னப் பொண்ணு போனை வைத்தாள். பதினெட்டு வருடம், நானூறு வீடு. ஒழுங்காக நிற்கிற ஒரு வீட்டுக்கும் கிடைக்காத பெயர், வாசல் இல்லாத அறைக்குக் கிடைத்திருக்கிறது. அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்படியே கிளம்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அப்புறம் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, உசிலம்பட்டி பேருந்தில் ஏறினாள்.

செக்கானூரணி தாண்டியதும் லேப்டாப்பை மடியில் விரித்தாள். கிளவுடில் ஒரு நல்ல குணம் உண்டு. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கும். எந்த நாளின் படம் வேண்டுமோ அந்த நாளுக்குத் திரும்பிப் போகலாம். அந்தப் பட்டியலைத் திறந்தாள். பத்து நாளில் நாற்பத்தொரு மாற்றம். நாற்பத்தொன்றையும் செய்தவர் ஜெயபாண்டி. வெள்ளிக்கிழமை ஜெயபாண்டி பூஜை அறையை வடகிழக்குக்கு மாற்றுகிறார். இருபது நிமிடத்தில் ஜெயபாண்டி அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவருகிறார். மறுபடி ஜெயபாண்டி வடகிழக்குக்கே தள்ளுகிறார். மாட்டுக்கொட்டகையைக் கார் நிறுத்துமிடம் ஆக்குகிறார், காரை விரட்டிவிட்டு மாட்டைக் கட்டுகிறார். ஒரே ஆள் பத்து நாளாகத் தன்னோடு தானே பங்காளிச் சண்டை போட்டிருந்தார். நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கதவு போன கதையும் அதில் இருந்தது. ஞாயிறு காலை, அக்காவின் அறையைப் பெரிதாக்க யாரோ சுவரைக் கூடத்துப் பக்கம் இரண்டடி நகர்த்தியிருக்கிறார்கள். கதவு வேறு லேயர் அல்லவா, அது கூட வரவில்லை. சுவர் போன பிறகும் அது பழைய இடத்திலேயே நின்றிருக்கிறது. திங்கட்கிழமை வேறு யாரோ, அறைக்குள்ளே சுவரில்லாமல் தனியாக நிற்கும் கதவைப் பார்த்து, தெரியாமல் விழுந்த கோடு என்று அழித்திருக்கிறார்கள். இரண்டு பேர் பெயரும் ஜெயபாண்டி.

பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் முதல் மண்ணை வெட்டியாக வேண்டும். பேருந்து உசிலம்பட்டி போய்ச் சேர்வதற்குள் தன் பெயரில் ஒரு புதுக் கணக்கு தொடங்கினாள். தான் முடித்துக் கொடுத்த நாளின் படத்தை மீட்டு அதில் வைத்தாள். அக்காவின் அறைக்கு அந்த இரண்டடியைக் கொடுத்தாள், கதவையும் சுவரோடு சேர்த்து நகர்த்தினாள், பூஜை அறையை வடகிழக்கில் வைத்தாள், மாட்டுக்கும் காருக்கும் தனித்தனி இடம் ஒதுக்கினாள். லேயர்களைப் பூட்டினாள். எல்லோருக்கும் பார்வைக்கு மட்டும் அனுமதி. மூலைக் கட்டத்தில் ஜெயபாண்டி எழுதியதை அப்படியே எழுதினாள். கீழே இரண்டு வரியிலும் ஜெ.பா. என்றே விட்டாள். உசிலம்பட்டியில் வேறு பேருந்து மாறி எழுமலையில் இறங்கி, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் நான்கு பிரதி எடுத்துக்கொண்டாள்.

இடத்துக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றே கால். ஜேசிபி ஓரமாக நின்றது. செம்மண்ணில் வெள்ளைக் கோடுகள். அந்த வாசல் இல்லாத அறையின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தங்கப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சொந்தபந்தம். யாரும் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை.

“எனக்குன்னு ஒரு ரூமாம், அதுக்கு வாசல் இல்லையாம்” என்றாள் தங்கப்பொண்ணு, யார் முகத்தையும் பார்க்காமல். “வராதன்னு வாயால சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.”

கொத்தனார் முத்துப்பாண்டி நாகஜோதியைப் பார்த்ததும் கிட்டே வந்தார். “நான் காலைலயே கேட்டேந்தாயி, இதுக்குள்ள ஓட்டைப் பிரிச்சு இறங்கணுமான்னு. போட்டபடி போடுன்னுட்டாங்க.”

ஜெயபாண்டி தொண்டையைச் செருமினார். “இந்தா, வரைஞ்ச பொண்ணே வந்திருச்சு. சொல்லும்மா.”

தங்கப்பொண்ணு திரும்பினாள். “நீயாம்மா வரைஞ்சது?”

இல்லை என்றால் பழி போகும், கூடவே பெயரும் போகும். ஆமாம் என்றால் இரண்டும் வரும். நாகஜோதி பஸ்ஸில் வரும்போதே இதை முடிவு பண்ணியிருந்தாள்.

“ஆமாக்கா, நான்தான் வரைஞ்சேன். நான் வரைஞ்சது இந்தா இருக்கு.” ஒரு பிரதியை நீட்டினாள். “உங்க ரூமுக்கு வாசல் இருக்கு பாருங்க. இதைக் குடுத்த பெறகு நாப்பத்தியொரு தடவ மாத்தியிருக்கு. எந்த நேரத்துல என்ன மாத்துனதுன்னு எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. வாசிக்கவா?”

அவள் வாசித்தாள்.

“ஞாயித்துக்கிழமை காலைல ஏழு இருவதுக்கு, அக்கா ரூம் சுவத்த ரெண்டடி நகட்டியிருக்கு. பண்ணது ஜெயபாண்டி சார்.”

தங்கப்பொண்ணு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு காகிதத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.

“திங்கக்கிழமை ஒம்போதரைக்கு, கதவை அழிச்சிருக்கு. அதுவும் ஜெயபாண்டி சார்.”

முத்திருளன் மேகத்தைப் பார்த்தார். நாகஜோதி ஒவ்வொரு வரியாகப் படிக்கப் படிக்க, கூட்டத்தில் ஒவ்வொருவராக ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். முத்திருளனின் மச்சினன் செருப்பைக் கழற்றிக் கல்லைத் தட்டினார். அவரவர் செய்தது அவரவருக்குத் தெரியும். அடுத்தவர் செய்தது தெரியாது. எல்லாம் ஒரே ஆள் தலையில் விழுகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது, அது எல்லோருக்கும் வசதியாகவும் இருந்தது.

“ஏன் மாப்ள,” என்றார் முத்திருளன், உண்மையாகவே வருத்தப்பட்டவர் போல, “பூஜை ரூமை எதுக்கு நீ மூணு தடவ மாத்துன? எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

ஜெயபாண்டி வாயைத் திறந்தார். மாற்றியது நீங்கள்தான் மாமா என்று சொல்லலாம். அப்புறம் எழுமலைப் பக்கம் தலைகாட்ட முடியாது. வாயை மூடிக்கொண்டார். பாஸ்வேர்டு வாங்கிய முப்பத்திரண்டு பேரும் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

“சரி விடு மாமா,” என்றார் கடைசியில். “ஏதோ ஞாபகத்துல மாத்திட்டேன்.”

தங்கப்பொண்ணு எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். “இந்தப் பிள்ள வரைஞ்சபடி போடச் சொல்லுங்கப்பா. விவரமா இருக்கு.” முத்துப்பாண்டி பழைய கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, புதுப் பிரதியைப் பார்த்துச் சுண்ணாம்பு போட்டார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது முதல் மண் விழுந்தது. முத்துப்பாண்டி பிரதியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “வீடு முடியிற மட்டும் இதாந்தாயி எனக்குப் படம்” என்றார்.

திரும்பும்போது ஜெயபாண்டி அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். உசிலம்பட்டியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

“நாகஜோதி, பிரச்சனைதான் முடிஞ்சிருச்சே. அந்த மூலைல பேரை மட்டும் பழையபடி மாத்திரு. ஆபீஸ் படமெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்ல.”

“மாத்திர்றேன் சார். தங்கப்பொண்ணு அக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க, படம் வரைஞ்சதும் நீங்கதான்னு. மாத்துனதும் நீங்க, வரைஞ்சதும் நீங்கன்னா அவங்களுக்குப் புரிஞ்சிரும்.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்தார். ரோட்டைப் பார்த்தார். அவர் மனதுக்குள் ஏதோ கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது. ஓடி முடிந்ததும் முகம் தெளிந்தது.

“வேணாம், இருக்கட்டும்” என்றார். “நானும் யோசிச்சேன். இனிமே எல்லாப் படத்துலயும் வரைந்தவர்னு உன் பேரையே போட்டுரு. கொட்டாம்பட்டி மண்டபத்துலயும் போட்டுரு. நாளைக்கு எதும் ஒண்ணுன்னா, யாரு என்னன்னு தெளிவா இருக்கும்ல.”

எதற்காகக் கொடுக்கிறார் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. இனி எந்த ஊரில் எந்தச் சுவர் கோணினாலும் விரல் அந்த முதல் வரிக்குத்தான் வரும். புரிந்துகொண்டேதான், “சரி சார்” என்றாள்.

கார் கிளம்பியது. அவர் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று லேப்டாப்பைத் திறந்து, மண்டபப் படத்தில் ஜெ.பா.வை எடுத்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள். சேமிப்பதற்கு முன் கை நின்றது. மேலே போய், மாப்பிள்ளை அறை, பெண் அறை, சமையல்கட்டு, சாப்பாட்டுக் கூடம் என்று ஒவ்வொரு அறையாகப் பெரிதாக்கிக் கதவுகளை எண்ணினாள். மொத்தம் இருபத்தாறு. மறுபடியும் முதலிலிருந்து ஒரு தடவை எண்ணிவிட்டுத்தான் சேமித்தாள்.